ஐஎஃப்ஆர் சார்ட்: இலவசம் போதுமா, காசு கொடுக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்து (அதற்கான விதிமுறைதான் ஐஎஃப்ஆர்), ஓடுபாதை தெரியும்வரை இறங்கி வருவதற்கு விமானி கையில் வைத்திருக்கும் படம்தான் அப்ரோச் சார்ட். விமானிகள் வாயில் அது 'பிளேட்'. இந்தப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவில் சொந்தமாகவோ வாடகைக்கோ சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கானது. இலவசமா, கட்டணமா என்று உண்மையிலேயே தேர்வு செய்யும் வசதி அங்கேதான் அதிகம். வேறு நாடுகளைப் பற்றிய கேள்விகள் கடைசியில்.

இலவச சார்ட் எது, கட்டண சார்ட் எது?

அமெரிக்காவில் இலவசம் என்றால் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ வெளியிடும் சார்ட். பழைய விமானிகள் இன்னும் 'நாஸ் பிளேட்', 'நாக்கோ பிளேட்' என்பார்கள். வெளியிட்ட அலுவலகத்தின் பழைய பெயர்கள் அவை. அரசு தயாரிப்பு என்பதால் காப்புரிமை கிடையாது. எஃப்ஏஏ தளத்தில் எல்லா பிளேட்டும் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது. ஸ்கைவெக்டர், ஏர்நேவ், ஃபிளைட்பிளான் கோ, அவாரே போன்ற தளங்களும் செயலிகளும் காட்டுவதும் அதே பிடிஎஃப்தான்.

கட்டணம் என்றால் பெரும்பாலும் ஜெப்சன், சுருக்கமாக 'ஜெப்'. தபால் விமானம் ஓட்டிய எல்ரி ஜெப்சன், தன் சொந்தக் குறிப்பேட்டை 1934-ல் பத்து டாலருக்கு மற்ற விமானிகளுக்கு விற்கத் தொடங்கியதில் பிறந்த நிறுவனம். விமான நிறுவனங்கள் மட்டத்தில் லுஃப்தான்சா சிஸ்டம்ஸின் லிடோ, ஏர்பஸ்ஸின் நேவ்புளூ ஆகியவையும் உண்டு. தனி ஆளுக்கு அவை தேவைப்படுவதில்லை.

ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட் போன்ற செயலிகளுக்குக் காசு கொடுப்பது வேறு கணக்கு. அங்கே செயலிக்குத்தான் பணம். உள்ளே வரும் பிளேட் எஃப்ஏஏவுடையது. ஜெப் சந்தாவைத் தனியாக வாங்கி அதோடு இணைத்துக்கொள்ளலாம். 'ஐபேடில் காசு கட்டியாச்சு, அதனால் ஜெப் வந்துவிட்டது' என்று நினைப்பவர்கள் நிறைய.

இலவசம் என்றால் துல்லியம் குறைவா?

இல்லை. அமெரிக்காவுக்குள் ஒரு அப்ரோச்சை வடிவமைப்பது எஃப்ஏஏ. உயரம், திசை, தொலைவு எல்லாம் அங்கே இருந்துதான் வருகின்றன. ஜெப்சன் அந்த மூலத் தகவலை எடுத்துத் தன் பாணியில் வரைகிறது. இரண்டு படத்திலும் ஒரே முடிவெடுக்கும் உயரம் (இறங்குவதா, மேலேறுவதா என்று முடிவு செய்யும் உயரம்), ஒரே மிஸ்டு அப்ரோச் (இறங்க முடியாதபோது திரும்ப ஏறும் வழி). காசு வாங்கித் தருவது அடுக்குமுறை, உலகளாவிய ஒரே பாணி, சிதறிக் கிடப்பதை ஒரே தாளில் சேர்த்துக் கொடுப்பது ஆகிய மூன்றும்தான். 'ஜெப்தான் புரொஃபஷனல்' என்ற பேச்சை அந்த அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

ஒரே தகவல் இரண்டிலும் எப்படித் தெரியும்? ஓர் உதாரணம்?

தரைமட்டம் 145 அடி உள்ள, 24 என்று எண்ணிட்ட ஓர் ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் (திசையும் இறங்கு சரிவும் காட்டும் ரேடியோ வழிகாட்டி) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்ஏஏ பிளேட்டின் அடியில் எஸ்-ஐஎல்எஸ் 24 என்ற வரிசையில் இப்படி இருக்கும்:

345/24  200 (200-½)

345 என்பது கடல்மட்டத்திலிருந்து முடிவெடுக்கும் உயரம். சாய்கோட்டுக்குப் பின் வரும் 24 என்பது ஆர்விஆர், அதாவது ஓடுபாதையில் அளக்கும் பார்வைத்தூரம், 2,400 அடி. அடுத்த 200, ஓடுபாதையின் தரையிறங்கும் பகுதிக்கு மேலான உயரம். அடைப்புக்குள் இருப்பது ராணுவ விமானிகளுக்கு; நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம். சாய்கோடு இருந்தால் ஆர்விஆர், சிறுகோடு இருந்தால் மைல். 480-1 என்றால் 480 அடி, ஒரு மைல் பார்வைத்தூரம். புதியவர்கள் வாய்மொழித் தேர்வில் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

அதே தகவல் ஜெப்பில் கட்டம் கட்டி வரும். மேலே 345, அடைப்பில் 200. கீழே இரண்டு கட்டம்: எல்லாம் வேலை செய்தால் ஆர்விஆர் 24 அல்லது ½ மைல், அப்ரோச் விளக்குகள் எரியவில்லை என்றால் ஆர்விஆர் 40 அல்லது ¾ மைல். இந்த இரண்டாவது கட்டத்துக்குத்தான் பாதிக் காசு என்று சொல்லலாம். எஃப்ஏஏ பிளேட்டில் அந்த 40 இருக்காது. விளக்கு கெட்டிருக்கிறது என்று நோட்டம் (விமானிகளுக்கான தற்காலிக அறிவிப்பு) வந்தால், பிளேட் தொகுப்பின் முன்பக்கத்தில் உள்ள 'இயங்காத உறுப்புகள்' அட்டவணைக்குப் போய், ¼ மைல் கூட்ட வேண்டும் என்று பார்த்து, ½-ஐ ¾ ஆக்கி, அதை ஆர்விஆர் 4,000 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும். தரையில் ஒரு நிமிட வேலை. குலுங்கும் விமானத்தில் தனி ஆளாக அப்படி இல்லை.

விளக்கு வகையும் அப்படித்தான். எஃப்ஏஏ படத்தில் ஓடுபாதைப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஏ5 என்று இருக்கும். அது மால்சர் எனும் அப்ரோச் விளக்கு வகை என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் குறியீட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். ஜெப் விளக்குகளின் வடிவத்தையே சிறு படமாக வரைந்துவிடும்.

இலவச பிளேட்டில் அதிகம் தவறவிடுவது எது?

புறப்பாடு. இதில் சந்தேகமே இல்லை.

எஃப்ஏஏ பிளேட்டின் குறிப்புக் கட்டத்தில் கறுப்பு முக்கோணத்துக்குள் 'டி' எழுத்து இருந்தால், இந்த விமான நிலையத்துக்குத் தனியான டேக்ஆஃப் மினிமமோ (கிளம்பத் தேவையான குறைந்தபட்ச வானிலை அளவு), தடை தவிர்க்கும் புறப்பாட்டு முறையோ உண்டு என்று பொருள். விவரம் அந்த பிளேட்டில் இருக்காது. 'டேக்ஆஃப் மினிமம்ஸ்' என்ற தனிக் கோப்பில் ஊர்ப்பெயர் வரிசையில், பொடி எழுத்தில், வெறும் வாக்கியமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், முக்கோணம் இருப்பதோ இறங்குவதற்கான படத்தில். கிளம்பும்போது அதை யார் பார்க்கிறார்கள்?

அந்தக் கோப்பைத் திறக்காவிட்டால் என்ன ஆகும்? எதுவும் சொல்லாத இடத்தில் வழக்கமான ஏற்றம் கடல்மைலுக்கு 200 அடி. மலைப்பக்க ஊர்களில் 330 என்று போட்டிருக்கலாம். தரைவேகம் 90 நாட் என்றால் 330 × 90 ÷ 60, அதாவது நிமிடத்துக்கு 495 அடி. கோடை மதியத்தில் டென்வர் பக்கம், முழு எடையோடு செஸ்னா 172 போன்ற ஒரு சிறு விமானம் அதைக் கொடுக்காது. 'எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்' என்பதும் அதே வாக்கியத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத நிலையத்தில் இதை யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள். ஜெப்பில் இதெல்லாம் விமான நிலையப் படத்துக்குப் பின்பக்கம், 10-9ஏ தாளில், வேகவாரியான ஏற்ற அட்டவணையோடு இருக்கும்.

இன்னொரு முக்கோணம் 'ஏ'. சேரும் இடத்தில் இறங்க முடியாவிட்டால் போகும் மாற்று நிலையமாக ஒன்றை எழுதிக் கொடுக்க வழக்கமான வானிலை அளவு, துல்லிய அப்ரோச் என்றால் 600 அடி, 2 மைல். மற்றவற்றுக்கு 800 அடி, 2 மைல். 'ஏ' இருந்தால் அந்த அளவு மாறுகிறது, தனிக் கோப்பில் பார்க்க வேண்டும். பக்கத்தில் 'என்ஏ' என்றும் இருந்தால் அந்த அப்ரோச்சை நம்பி மாற்று நிலையம் போடவே முடியாது.

இலவச சார்ட்டோடு பறப்பவர் இந்த இரண்டு கோப்பையும் கிளம்பும் நிலையம், சேரும் நிலையம், மாற்று நிலையம் மூன்றுக்கும் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், ஜெப் கொடுக்கும் நன்மையில் பெரும்பகுதி செலவில்லாமல் கிடைத்துவிடும்.

சார்ட் காலாவதி ஆகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

உலகம் முழுக்க ஐராக் எனும் 28 நாள் சுற்று. எப்போதும் வியாழக்கிழமை மாறும். 2026-ன் முதல் சுற்று ஜனவரி 22, அடுத்தது பிப்ரவரி 19. எஃப்ஏஏ சார்ட் மாறும் நேரம் 0901 ஜூலு, அதாவது உலகப் பொது நேரம். நியூயார்க்கில் குளிர்காலத்தில் அதிகாலை 4:01. இரவுப் பறப்பு அந்த நேரத்தைத் தாண்டினால் இரண்டு சுற்றும் கையில் இருக்க வேண்டும்.

எஃப்ஏஏ பிளேட்டில் தேதி மூன்று இடத்தில் இருக்கும். மூன்றும் வேறு வேறு. ஓரத்தில் நெடுக்காக எழுதியிருப்பது செல்லுபடிக் காலம். அதைத்தான் பார்க்க வேண்டும். மேலே 26022 போன்ற ஐந்து இலக்கம், அந்தப் படம் கடைசியாகத் திருத்தப்பட்ட நாள்: 2026-ன் 22-ஆம் நாள், அதாவது ஜனவரி 22. கீழே திருத்த எண்ணோடு இருக்கும் தேதி அப்ரோச் முறையே கடைசியாக மாறியது. அது பத்து வருடம் பழையதாக இருந்தாலும் படம் செல்லும்.

ஜெப்பில் ஓரத் தேதி கிடையாது. மேலே இருக்கும் தேதி அந்தத் தாள் வெளியான வெள்ளிக்கிழமை. தாள் மாறாதவரை தேதியும் மாறாது. புதுத் தாளில் 'அமலாகும் நாள்' என்று தனியாக ஒரு தேதி இருந்தால், அந்த நாள் வரும்வரை பழைய தாள்தான் செல்லும். காகிதத் தொகுப்பு வைத்திருந்த காலத்தில் புதுத் தாள் வந்ததும் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எஃப்ஏஏவின் வழித்தட வரைபடம் 56 நாளுக்கு ஒருமுறைதான் மாறும். பிளேட்டைப் புதுப்பித்த நாளில் அது மாறவில்லை என்றால் கோளாறு இல்லை.

காலாவதியான சார்ட்டோடு பறந்தால் சட்டப்படி குற்றமா?

பெரிய விமானத்துக்கும் டர்பைன் பல எஞ்சின் விமானத்துக்கும் நடப்பு சார்ட் இருக்க வேண்டும் என்று எஃப்ஏஏவின் பொதுப் பறப்பு விதித்தொகுப்பான பார்ட் 91-ன் 91.503 விதி நேரடியாகச் சொல்கிறது. சிறு விமானத்துக்கு பார்ட் 91-ல் அப்படி ஒரு வரி இல்லை. ஆனால் கிடைக்கும் எல்லாத் தகவலையும் தெரிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும் என்கிறது 91.103. பழைய பிளேட்டால் ஏதாவது நடந்தால் அந்த வரிதான் உங்கள் மீது பாயும். இலவசமாக இரண்டு நிமிடத்தில் கிடைப்பதை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

இலவச பிளேட்டை டேப்லெட்டில் ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி?

இணையத்தில் திறந்து பார்த்தது மேலே போனதும் இருக்காது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்கைவெக்டரில் தரையில் பார்த்த பிளேட் 4,000 அடியில் திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும்.

பதிவிறக்கி வைக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். போகும் மாநிலங்களையும் வழியில் உள்ள மாநிலங்களையும் தேர்ந்தெடுங்கள். டேக்ஆஃப், மாற்று நிலைய மினிமம் கோப்புகளும் சேர்ந்து இறங்கியதா என்று பாருங்கள். முந்தைய நாள் இரவு வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, சேரும் நிலையத்தின் ஒரு பிளேட்டைத் திறந்து ஓரத் தேதியைப் படியுங்கள். இந்த ஒரு சோதனை நிறையக் காப்பாற்றும். பிறகு எதிர்பார்க்கும் அப்ரோச், அதற்கு மாற்று ஒன்று, மாற்று நிலையத்தில் ஒன்று என மூன்றை மட்டும் காகிதத்தில் அச்சிட்டு முழங்கால் பலகையில் வையுங்கள். வெயிலில் கண்ணாடிக்கு அருகே வைத்த ஐபேட் சூடாகித் தானே அணைந்துவிடும். அது அணைவது பெரும்பாலும் இறங்கும் நேரத்தில்தான், ஏனென்றால் அதுவரை வெயிலில் காய்ந்துகொண்டு இருந்திருக்கும்.

படத்தின் மேல் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வசதி பல செயலிகளில் கட்டணத் திட்டத்தில்தான் வரும். டாக்ஸி செய்யும்போது மிக உபயோகம். அப்ரோச்சில் அது ஒரு சௌகரியம் மட்டுமே, வழிகாட்டுவது விமானக் கருவியின் ஊசிதான்.

நோட்டம் தனி. இரண்டு சுற்றுக்கு நடுவில் எஃப்ஏஏ ஓர் உயரத்தை மாற்றினால் பிளேட் அப்படியே இருக்கும், எஃப்டிசி எனும் நோட்டம் வகையில் மட்டும் வரும். ஜெப் வைத்திருந்தாலும் இதைப் படிக்காமல் தப்ப முடியாது.

விமானத்தின் திரையிலேயே சார்ட் வருகிறதே, அது எந்த வகை?

கார்மின் ஜி1000 போன்ற விமானத் திரைகளில் ஃபிளைட்சார்ட்ஸ் என்றால் எஃப்ஏஏ, சார்ட்வியூ என்றால் ஜெப். இரண்டையும் புதுப்பிக்கச் சந்தா வேண்டும். எஃப்ஏஏ சார்ட் இலவசம். அதைக் கார்டில் ஏற்றித் தருவது இலவசம் இல்லை. காலாவதியான பிறகு ஃபிளைட்சார்ட்ஸ் 180 நாள், சார்ட்வியூ 70 நாள் எச்சரிக்கையோடு காட்டும். அதன்பின் திரையில் வராது. வாடகை விமானத்தில் இது அடிக்கடி நடக்கும்.

இதோடு ஜிபிஎஸ் வழித் தரவுத்தளத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சார்ட் என்பது படம். தரவுத்தளம் என்பது ஜிபிஎஸ் பின்பற்றும் புள்ளிகள். சார்ட்டுக்குக் காசு மிச்சம் பிடிக்கலாம். ஜிபிஎஸ் அப்ரோச் பறக்க வேண்டுமென்றால் தரவுத்தளத்தில் மிச்சம் பிடிக்க இடமில்லை. கையில் கொஞ்சம்தான் பணம் இருந்தால் முதலில் அங்கே போடுங்கள்.

பயிற்சியில் இருக்கிறேன். எதைக் கற்பது?

எஃப்ஏஏ. எழுத்துத் தேர்வில் கொடுக்கும் இணைப்புப் புத்தகத்தில் இருப்பது எஃப்ஏஏ படங்கள்தான். செய்முறைத் தேர்வுக்கு எதைக் கொண்டு போனாலும் பரிசோதகர் ஏற்றுக்கொள்வார். உரிமம் வாங்கிய பிறகு, விமான நிறுவனத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஜெப்பின் குறியீட்டுப் பக்கங்களை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தால் போதும்.

ஜெப்பில் 11-1, 12-2 என்று இருப்பது என்ன?

முதல் இலக்கம் அந்த ஊரின் எத்தனையாவது விமான நிலையம். இரண்டாவது வகை: 0 என்றால் வருகை, புறப்பாட்டு வழிகள், 1 ஐஎல்எஸ், 2 ஜிபிஎஸ், 3 விஓஆர், 6 என்டிபி (இரண்டும் தரை ரேடியோ வழிகாட்டிகள்). சிறுகோட்டுக்குப் பின் வரிசை எண்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். காரணம் ஒன்றே போதும். எஃப்ஏஏ படத்தில் உயரத்துக்குக் கீழே கோடு இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. மேலே கோடு என்றால் அதைத் தாண்டக் கூடாது. இரண்டு கோடும் இருந்தால் அதே உயரம்தான். கோடே இல்லையென்றால் பரிந்துரை மட்டும். ஜெப்பில் கோடில்லாமல் இருக்கும் உயரம் குறைந்தபட்ச உயரம். மற்றவற்றுக்குச் சொல் எழுதியிருக்கும். ஜெப்பில் பழகிய கண் எஃப்ஏஏவில் கோட்டைத் தேடாது. எஃப்ஏஏவில் பழகிய கண் ஜெப்பின் வெறும் எண்ணைப் பரிந்துரை என்று எடுத்துக்கொள்ளும், அது இன்னும் ஆபத்து. இரண்டு விமானிகள் சேர்ந்து பறந்தால், இருவரும் ஒரே வகையைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

நண்பரின் ஜெப் சந்தாவிலிருந்து பிளேட்டை வாங்கிக்கொள்ளலாமா?

காப்புரிமை உள்ள பொருள், கூடாது. அமெரிக்காவுக்குள் என்றால் அவசியமும் இல்லை.

அமெரிக்காவுக்கு வெளியே?

அங்கே கணக்கு மாறுகிறது. எஃப்ஏஏ தன் எல்லைக்குள் மட்டும்தான் வரைகிறது. கனடாவில் நேவ் கனடா வெளியிடும் அப்ரோச் தொகுப்பு விலைக்கு. ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் தங்கள் ஏஐபியை (சார்ட்டும் அடங்கிய அதிகாரபூர்வ விமானத் தகவல் தொகுப்பு) இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஐரோப்பிய வான்போக்குவரத்து அமைப்பான யூரோகண்ட்ரோலின் ஈஏடி தகவல் தளத்தில் அடிப்படைக் கணக்கு ஒன்று திறந்தால் பல நாடுகளுடையதும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் நாட்டுக்கு நாடு பாணி வேறு, நிறம் வேறு. ஒரே நாளில் மூன்று நாட்டைத் தாண்டுபவருக்கு ஜெப் கொடுக்கும் ஒரே பாணி கொடுத்த காசுக்குத் தகும்.

இந்தியாவில்?

விமான நிலைய ஆணையத்தின் மின்-ஏஐபி இலவசம். சென்னை போன்ற நிலையங்களின் சார்ட் அதில் உண்டு. எஃப்ஏஏ பிளேட் பழகியவர் அதைத் திறந்ததும் மினிமம் வரிசையைத் தேடுவார். அங்கே இருப்பது ஓசிஏ, அதாவது தடைகளைத் தாண்டப் போதுமான உயரம். அதையே முடிவெடுக்கும் உயரமாக எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் சிவில் விமானப் போக்குவரத்து விதித்தொகுப்பு, பிரிவு 8, தொடர் சி, பகுதி 1-ல் சொன்னபடி, விமான வகை, அப்ரோச் வகை, விளக்கு வசதி பார்த்து மினிமத்தைக் கணக்கிட வேண்டும். இயக்கும் நிறுவனத்தின் கையேட்டில் அந்தக் கணக்கு இருக்கும். பார்வைத்தூரம் மீட்டரில், அழுத்தம் ஹெக்டோபாஸ்கலில்; அமெரிக்காவில் பயிற்சி முடித்துத் திரும்புபவர்களுக்கு முதல் சில நாள் கை தடுமாறும்.

கடைசியில் யார்தான் காசு கொடுக்க வேண்டும்?

அமெரிக்காவுக்குள், பார்ட் 91-ல், மாதத்துக்கு நாலைந்து முறை பறப்பவர் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல செயலி ஒன்றுக்குக் கொடுக்கலாம். பயணிகளைக் காசுக்கு ஏற்றிச் செல்லும் வாடகைப் பறப்பு, விமான நிறுவனம் என்றால் முடிவு உங்கள் கையில் இல்லை. நிறுவனத்துக்கு எஃப்ஏஏ அனுமதித்த சார்ட்டும் டேப்லெட் முறையும்தான். எல்லை தாண்டுபவர், மலைநாட்டில் தனி ஆளாக அடிக்கடி மேகத்துக்குள் இறங்குபவர் கொடுக்கலாம். அப்போதும் முழு நாட்டுக்கும் வாங்காமல், பறக்கும் பகுதிக்கு மட்டும் சந்தா எடுங்கள். வாங்கும் முன் உங்கள் செயலி, விமானத் திரை இரண்டிலும் அதே சந்தா ஓடுமா, எத்தனை கருவிக்கு அனுமதி என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.